கழுத்துக்கு முன்னா, பின்னா? பொருளிணைய வலையமைப்பில் பாதைக் கணக்கீடும் சேவை ஒதுக்கீடும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பொருளிணைய (ஐஓடி) வலையமைப்பை, அதாவது சென்சார்கள் அளந்த தரவைத் தாமே அனுப்பும் வலையமைப்பை, வடிவமைக்கும்போது வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பாக்கெட்டுகள் (தரவின் சிறு பொட்டலங்கள்) எந்தெந்தக் கணு (வலையமைப்பில் உள்ள கருவி) வழியாகப் போக வேண்டும் என்பதை வலையமைப்புக்காரர்கள் முடிவு செய்வார்கள். தரவை அலசும் மென்பொருள் சென்சாரிலேயே ஓட வேண்டுமா, வெளியுலகோடு இணைக்கும் கேட்வேயிலா, தொலைவில் உள்ள சர்வரிலா என்பதை மென்பொருள்காரர்கள் முடிவு செய்வார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு முடிவுகளிலும் குறை சொல்ல முடியாது. சேர்த்து ஓடவிட்டால்தான் வலையமைப்பு மூச்சுத் திணறுகிறது. அது எந்த இடத்தில் நேர்கிறது, ஏன் நேர்கிறது, இரண்டையும் ஒரே கணக்காகப் போட்டால் என்ன கிடைக்கிறது என்பதை ஒரு மாதிரி ஆலையை வைத்துப் பார்ப்பதே இந்த ஆய்வு. ஆலையும் அதன் கணு எண்களும் இணைப்புத் தரங்களும் கணக்குக்காக அமைத்துக்கொண்டவை. நெறிமுறை அளவுகள் அந்தந்த ஆவணங்களில் உள்ளபடியே எடுத்தாளப்பட்டுள்ளன.

ஆலையும் அதன் தேவையும்

பெரிய ஆலை ஒன்றில் மோட்டார்கள், பம்புகள், விசிறிகள் ஆகியவற்றின் மேல் 48 சென்சார் கணுக்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை பேட்டரியில் ஓடுபவை. ரேடியோ ஐஇஇஇ 802.15.4 வகை, 2.4 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 250 கிலோபிட். அவற்றின் மேல் டிஎஸ்சிஎச் முறை, அதாவது நேரத்தை ஸ்லாட்டுகளாக வெட்டி, ஸ்லாட்டுக்கு ஸ்லாட் அலைவரிசையை மாற்றிக்கொண்டே போகும் முறை, இயங்குகிறது. பாதைகளை ஆர்பிஎல் என்ற நெறிமுறை வகுக்கிறது: ஒவ்வொரு கணுவும் கேட்வேயை நோக்கி அடுத்த கணு ஒன்றைப் பெற்றோராகத் தேர்ந்தெடுக்க, கேட்வேயை வேராகக் கொண்ட மரம் உருவாகும். வெளியுலகுக்கு 2 கேட்வேகள்: ஒன்று ஆலையின் மேற்கு முனையில், மற்றது கிழக்கு முனையில்.

கணுக்கள் செய்ய வேண்டியவை மூன்று. 10 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை. அது ஒரே பாக்கெட். மணிக்கு ஒருமுறை அதிர்வு அளவீடு: நொடிக்கு 6,400 மாதிரி என்ற வேகத்தில் 4,096 மாதிரிகள், மாதிரிக்கு 2 பைட், ஆக 8,192 பைட். மூன்றாவது, வெப்பநிலையோ அதிர்வோ எல்லை மீறினால் எச்சரிக்கைப் பாக்கெட். அது 5 நொடிக்குள் கேட்வேயை அடைந்தாக வேண்டும்.

இங்கே முதலில் கவனிக்க வேண்டியது 8,192 என்ற எண்ணை. 802.15.4 சட்டகம் (ரேடியோ ஒரே தடவையில் அனுப்பும் பொட்டலம்) அதிகபட்சம் 127 பைட். முகவரித் தலைப்பு, பாதுகாப்புக் குறியீடு, சுருக்கப்பட்ட ஐபிவி6 (இணைய முகவரி) தலைப்பு எல்லாம் போக, சரக்குக்கு 80 பைட் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு அதிர்வு அளவீடு 103 பாக்கெட்டுகள். (சிறு கருவிகளுக்கான கோஆப் நெறிமுறையின் துண்டுப் பரிமாற்ற முறையில் அனுப்பினால் துண்டின் அளவு 2-இன் அடுக்காகத்தான் இருக்க முடியும், 80-க்குள் அடங்குவது 64 பைட். அப்போது 103 என்பது 128 ஆகிவிடும். இந்த ஆலையில் அத்தகைய துண்டளவு விதி இல்லாத யூடிபி நெறிமுறை நேரடியாகப் பயன்படுவதாகக் கொள்கிறோம்.) அதே அளவீட்டைக் கணுவிலேயே ஃபூரியே உருமாற்றம் செய்து (அதிர்வை அதன் அதிர்வெண்களாகப் பிரித்து), முக்கியமான 20 அதிர்வெண் முகடுகளை மட்டும் அனுப்பினால் ஒரே பாக்கெட் போதும். 103-க்கு 1. இந்த விகிதத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு முழுவதும் இதைச் சுற்றியே போகிறது.

முதல் வடிவம்

முதல் வடிவத்தில் பாதைகள் இடிஎக்ஸ் அளவையை வைத்து வகுக்கப்பட்டன. ஒரு பாக்கெட் ஒரு இணைப்பைக் கடந்து, பெற்றதற்கான ஒப்புகையும் திரும்பி வந்து சேர, சராசரியாக எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்பதே இடிஎக்ஸ். எம்ஐடி ஆய்வாளர்கள் 2003-இல் முன்வைத்த அளவை இது. ஆர்பிஎல்லோடு இன்று பரவலாகப் பயன்படுவதும் இதுதான். தாவல்களின் (ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்) எண்ணிக்கையை மட்டும் எண்ணிப் பாதை போட்டால் நீளமான, நலிந்த இணைப்புகளே தேர்வாகும். இடிஎக்ஸ் அதைத் தடுக்கிறது.

ஒரு கணுவைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கணு 12-க்கு மேற்குக் கேட்வே நேரடியாகவே எட்டுகிறது. ஆனால் போகும் பாக்கெட் சேரும் வாய்ப்பு 0.6, ஒப்புகை திரும்பும் வாய்ப்பு 0.7. பெருக்கினால் 0.42, அதன் தலைகீழ் 2.38. கணு 7 வழியாகப் போனால் இரண்டு தாவல்கள், ஒவ்வொன்றிலும் 0.9, 0.95, பெருக்கினால் 0.855, தலைகீழ் 1.17, இரண்டு தாவலுக்கு 2.34. ஆக நேர்வழி 2.38, சுற்றுவழி 2.34. கணு 7 வென்றது, மயிரிழையில். ஒருமுறை வென்றுவிட்டால் எளிதில் தோற்காது. ஆர்எஃப்சி 6719 (ஆர்எஃப்சி என்பவை இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவணங்கள்) சொல்லும் தேர்வு விதிப்படி, மாற்றுப் பாதை குறைந்தது 1.5 இடிஎக்ஸ் அளவுக்கு மேம்பட்டிருந்தாலொழிய பெற்றோரை மாற்றக் கூடாது. ஆவணம் பரிந்துரைக்கும் எல்லை அது. அந்த விதி அவசியமானது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு சிறு ஏற்ற இறக்கத்துக்கும் கணுக்கள் இங்குமங்கும் தாவிக்கொண்டே இருக்கும். ஆனால் அதன் விளைவாக, நல்ல இணைப்புள்ள ஒரு கணுவை நோக்கி எல்லோரும் வந்து குவிந்தபின் யாரும் நகர்வதில்லை.

இந்த ஆலையில் கணு 7-க்குப் பின்னால் அப்படி 22 கணுக்கள் சேர்ந்துவிட்டன. கேட்வேக்குத் தெளிவான பார்வையில், இரைச்சலற்ற இடத்தில் அது நின்றதுதான் காரணம். இனி இதைக் கழுத்து என்றே அழைக்கலாம்: குடம் எவ்வளவு பெரிதானாலும் நீர் வெளியேறுவது கழுத்தின் அகலத்தைப் பொறுத்தே.

சேவைத் தரப்பில் எடுத்த முடிவும் தன்னளவில் நியாயமானதுதான். கச்சா அதிர்வுத் தரவு முழுவதையும் தொலைவில் உள்ள சர்வருக்கு அனுப்பினால் வெளி இணைப்புக்குச் செலவாகும்; ஆகவே ஃபூரியே உருமாற்றத்தைக் கேட்வேயில் வைப்போம் என்றார்கள். இதைத்தான் இன்று எட்ஜ் கணிப்பு (தரவு பிறக்கும் இடத்துக்கு அருகிலேயே கணிப்பது) என்று எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். கேட்வேயில் நல்ல செயலி இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது, இடமும் இருக்கிறது.

என் கருத்தில், முதல் வடிவம் தடம் புரண்டது இந்த இடத்தில்தான். கேட்வே கழுத்துக்குப் பின்னால் இருக்கிறது. 103 பாக்கெட்டும் கணு 7-ஐக் கடந்து வந்த பிறகு அவற்றை 1 ஆகச் சுருக்குவதால் வெளி இணைப்புக்கு மட்டுமே லாபம். உள்ளே நடந்த செலவு நடந்ததுதான். எட்ஜ் என்று சொல்லிவிட்டால் சேவை தரவுக்கு அருகில் வந்துவிட்டதாக ஒரு நிம்மதி ஏற்படுகிறது. எந்த நெருக்கடிக்கு இந்தப் பக்கம், எந்த நெருக்கடிக்கு அந்தப் பக்கம் என்று கேட்காதவரை அந்த நிம்மதிக்கு அடிப்படை இல்லை.

கழுத்தில் என்ன நடக்கிறது

டிஎஸ்சிஎச்சில் ஸ்லாட் ஒன்று பொதுவாக 10 மில்லிநொடி. 101 ஸ்லாட்டுகள் ஒரு சுற்று, அதாவது 1.01 நொடி. இந்த 101 என்ற எண் ஆர்எஃப்சி 9033 பரிந்துரைப்பது. கணு 7-க்கு மேல்நோக்கி அனுப்பச் சுற்றுக்கு ஒரு ஸ்லாட் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் மணிக்கு 3,564 அனுப்பல்கள். அதுதான் கழுத்தின் அகலம்.

மேலே போக வேண்டியது எவ்வளவு? 22 கணுக்களின் கச்சா அதிர்வு மணிக்கு 2,266 பாக்கெட். வெப்பநிலை 132. மொத்தம் 2,398. இணைப்பின் இடிஎக்ஸ் 1.17 என்று பார்த்தோம், இனிமேல் 1.2 என்றே வைத்துக்கொள்வோம். 2,878 அனுப்பல்கள். அகலத்தில் 81 விழுக்காடு. சராசரியை மட்டும் பார்ப்பவர் இது அடங்கிவிடும் என்றே சொல்வார்.

ஆனால் பாக்கெட்டுகள் சராசரியாக வருவதில்லை. எல்லாக் கணுக்களுக்கும் நேரம் ஒத்திசைந்திருக்கிறது (டிஎஸ்சிஎச்சின் அடிப்படையே அது). மணி அடித்ததும் எல்லாம் ஒன்றாக அளக்கத் தொடங்குகின்றன. 2,266 பாக்கெட்டுகள் ஒரே நேரத்தில் கழுத்துக்கு வருகின்றன. ஒரு ஸ்லாட் சுற்றுக்கு ஒன்றாக அவற்றை வெளியேற்ற ஏறத்தாழ 46 நிமிடம் பிடிக்கும். அதாவது ஒவ்வொரு மணியிலும் முக்கால் மணி நேரம் கழுத்து அடைத்துக்கொண்டிருக்கும்.

அந்த நேரத்தில் ஒரு எச்சரிக்கை வந்தால்? சாதாரண வேளையில் 4 தாவல் தொலைவிலுள்ள கணுவின் எச்சரிக்கை, தாவலுக்குச் சராசரி அரைச் சுற்றுக் காத்திருப்பும் மறு அனுப்பலுக்கான நேரமும் சேர்த்து 0.7 நொடி வீதம், 2.8 நொடியில் சேர்ந்துவிடும். 5 நொடிக் கெடுவுக்குள் அடங்குகிறது. கணு 7-இன் நினைவகத்தில் 16 பாக்கெட் வரிசை இருந்து அது நிரம்பியிருந்தால், அந்த ஒரு கணுவில் மட்டும் 19 நொடி காத்திருக்க வேண்டும். வரிசையில் இடமே இல்லாவிட்டால் ஒப்புகை கிடைக்காது. கீழே உள்ள கணு திரும்பத் திரும்ப முயன்று, மறுமுயற்சி வரம்பு தீர்ந்ததும் பாக்கெட்டைக் கைவிடும். எச்சரிக்கை கைவிடப்பட்டது என்று யாருக்கும் தெரியவும் வராது.

இதற்கு உடனடியாகத் தோன்றும் தீர்வுகள் மூன்று. மூன்றும் பாதித் தீர்வுகளே.

எச்சரிக்கைக்குத் தனி முன்னுரிமை வரிசை கொடுக்கலாம். கொடுக்கவும் வேண்டும், அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. அது கெடுவைக் காப்பாற்றும், நெரிசலைத் தீர்க்காது.

ஸ்லாட்டுகளைக் கூட்டலாம். ஆர்எஃப்சி 9033-இல் உள்ள ஒதுக்கீட்டு முறை இதைத் தானாகவே செய்யும்: கொடுத்த ஸ்லாட்டுகளில் 75 விழுக்காட்டுக்கு மேல் பயன்பட்டால் ஒன்று கூட்டும்; 25-க்குக் கீழே போனால் ஒன்று குறைக்கும். கூட்டினால் 46 நிமிடம் 23 ஆகும், பிறகு 15 ஆகும். ஆனால் கணு 7 அனுப்ப வேண்டிய எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையாது. நேரம் மிஞ்சும், பேட்டரி மிஞ்சாது.

மூன்றாவது, பாதையை மாற்றுவது. கணு 12-ஐயும் அதன் பின்னால் உள்ளவற்றையும் நேரே கேட்வேக்குத் திருப்பிவிடலாம் அல்லவா? இடிஎக்ஸ் கணக்கில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதானே? ஒன்றுதான். ஆனால் நேர்வழியில் 2.38 அனுப்பலையும் கணு 12 ஒன்றே சுமக்கிறது. சுற்றுவழியில் அது 7-உம் 12-உம் பகிர்ந்துகொள்ளும் சுமை. திருப்பிவிட்டால் கழுத்து 7-இலிருந்து 12-க்கு இடம் பெயருமே தவிர அகலமாகாது. வழித்தடத் தேர்வை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேர்த்தியான வழிமுறையை எழுதினாலும், 103 பாக்கெட் 103-ஆகவே இருக்கும்வரை அது சுமையை இடம் மாற்றிவைப்பதாகத்தான் முடியும்.

பேட்டரிக் கணக்கு

கணு 7-இன் ஆயுளையும் பார்த்துவிடுவோம். முழு அளவுச் சட்டகம் ஒன்று காற்றில் இருக்கும் நேரம் 4.3 மில்லிநொடி. ஒரு பாக்கெட்டைப் பெற்று, ஒப்புகை அளித்து, 1.2 முறை அனுப்பி, ஒப்புகை பெற 12 மில்லிநொடி ரேடியோ நேரம் என்று வைக்கலாம். நாளுக்கு 57,552 பாக்கெட், 691 நொடி. ரேடியோ 20 மில்லியாம்பியர் இழுத்தால் நாளுக்கு 3.8 மில்லியாம்பியர்-மணி.

இதோடு சும்மா கேட்கும் செலவு ஒன்று உண்டு. பிள்ளைக் கணுக்களுக்காகவும் பொதுப் பயன்பாட்டுக்காகவும் சுற்றுக்கு 4 பெறும் ஸ்லாட்டுகள்; ஒவ்வொன்றிலும், எதுவும் வராவிட்டாலும், 2.2 மில்லிநொடி காது கொடுத்தாக வேண்டும். நாளுக்கு 750 நொடி, 4.2 மில்லியாம்பியர்-மணி. மொத்தம் 8. பயன்படுத்தத்தக்க 2,000 மில்லியாம்பியர்-மணி பேட்டரிக்கு 250 நாள் ஆயுள்.

இந்தச் சும்மா கேட்கும் செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2003-இல் அமெரிக்காவின் மெய்ன் கடற்கரைக்கு அப்பாலுள்ள கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் வாழிடத்தைக் கண்காணிக்க 150 கருவிகள் கொண்ட சென்சார் வலையமைப்பு நான்கு மாதம் இயங்கியது. ஒரே தாவலில் பேசிய கணுக்களின் ஆயுளை ஆய்வாளர்கள் சரியாகவே முன்கணித்திருந்தார்கள். பல தாவல்களில் பேசிய பகுதியில்தான் கணிப்பு பிசகியது: தமக்கு வராத, அண்டைக் கணுக்களுக்கான பாக்கெட்டுகளையும் கேட்டுக்கொண்டிருந்ததற்கான செலவு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. டிஎஸ்சிஎச் பிற்பாடு வந்து ஒட்டுக்கேட்பைப் பெருமளவு குறைத்துவிட்டது. ஆனாலும் தனக்கென்று ஒதுக்கிய ஸ்லாட்டில் வெறுமனே காத்திருக்கும் செலவு இன்றும் அடித்தளமாக நிற்கிறது. பாதையையும் சேவையையும் எவ்வளவு சாமர்த்தியமாக அமைத்தாலும் அந்த 4.2-ஐத் தொட முடியாது. ஸ்லாட் சுற்றை இருமடங்காக நீட்டினால் அது பாதியாகும். ஆனால் எச்சரிக்கை 5.6 நொடி எடுத்து, கெடுவைத் தாண்டிவிடும். ஆக, நாம் குறைக்கக்கூடியது அந்த 3.8-ஐ மட்டுமே.

இரண்டையும் ஒரே வரைபடத்தில்

சேவையைக் கழுத்துக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். எளிய வழி, எல்லாக் கணுக்களிலும் ஃபூரியே உருமாற்றத்தை ஏற்றிவிடுவது. 22 கணுக்களில் 14 புதியவை. அவற்றின் செயலி கார்டெக்ஸ்-எம்4 வகை. 4,096 புள்ளி உருமாற்றத்தைச் சில பத்து மில்லிநொடிக்குள் முடித்துவிடும். 103 பாக்கெட் அனுப்ப அந்தக் கணுவின் ரேடியோ அரை நொடிக்கு மேல் விழித்திருக்க வேண்டும் என்பதோடு ஒப்பிட்டால் இதில் விவாதமே இல்லை. 14 கணுக்களும் ஆளுக்கு ஒரே பாக்கெட்டோடு நின்றுவிடும்.

மீதி 8 பழைய கணுக்கள். அவற்றின் எம்எஸ்பி430 வகைச் சில்லில் 10 கிலோபைட் தற்காலிக நினைவகம். 4,096 மாதிரிகளை வைக்கவே 8 கிலோபைட் போய்விடுகிறது; மிஞ்சும் 2 கிலோபைட்டில் ரேடியோ, வரிசை, இயக்க மென்பொருள் எல்லாம் அடங்க வேண்டும். இயலாத காரியம். இவற்றுக்கு மூன்று வழிகள்: கச்சாவாகவே கணு 7 வழியாக அனுப்புவது; 1,024 மாதிரிகளோடு நிறுத்திக்கொண்டு தானே உருமாற்றம் செய்வது; அல்லது வழியில் வேறொரு கணுவிடம் வேலையை ஒப்படைப்பது.

மூன்றாவது வழிக்கு ஓர் ஆள் இருக்கிறது. கணு 31 மின் இணைப்பில் ஓடுவது, வலுவான செயலி கொண்டது. ஆனால் அது கிழக்குப் பக்கம் இருக்கிறது. இடிஎக்ஸ் மரத்தில் இந்த 8 கணுக்களின் பாதை எதிலும் அது வராது. பாதைக் கணக்கீட்டைத் தனியாக முடித்துவிட்டுப் பிறகு சேவையை எங்கே வைக்கலாம் என்று அந்தப் பாதையின் மேல் தேடினால், கணு 31 கண்ணிலேயே படாது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதன் உண்மையான இழப்பு இதுதான்.

சேர்த்துப் பார்க்கும் முறை ஒன்றும் புதிரானது அல்ல. வலையமைப்பின் வரைபடத்தை இரண்டு அடுக்குகளாக வரைய வேண்டும். மேல் அடுக்கில் தரவு கச்சாவாக இருக்கிறது. கீழ் அடுக்கில் அலசப்பட்டுச் சுருங்கியிருக்கிறது. மேல் அடுக்கில் ஒவ்வொரு இணைப்பின் விலையும் அதன் இடிஎக்ஸை 103-ஆல் பெருக்கியது. கீழ் அடுக்கில் வெறும் இடிஎக்ஸ். மேலிருந்து கீழே இறங்கும் படிக்கட்டு, சேவையை ஓட்டக்கூடிய கணுக்களில் மட்டும் இருக்கும். படிக்கட்டின் விலை அங்கே செலவாகும் கணிப்பு ஆற்றல். மேல் அடுக்கில் உள்ள சென்சாரிலிருந்து கீழ் அடுக்கில் உள்ள கேட்வேக்கு மிகக் குறைந்த விலைப் பாதையைத் தேட வேண்டும். 1959-இல் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட அதே வழிமுறை இங்கும் அப்படியே செல்லும். எந்தக் கணுவில் படியிறங்குகிறதோ அங்கே சேவை. இறங்கும்வரை ஒரு பாதை, இறங்கியபின் இன்னொரு பாதை. இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை.

கணு 19-ஐ எடுத்துக்கொள்வோம். பழையது. மரத்தில் அதன் பாதை 19, 12, 7, மேற்குக் கேட்வே. மூன்று தாவல், தாவலுக்கு 1.2, மொத்தம் 3.6. கேட்வேயில்தான் படியிறங்குகிறது, ஆக விலை 103 மடங்கு, 371. இரண்டடுக்கு வரைபடம் காட்டும் மாற்றுப் பாதை 19, 15, 31, 33, கிழக்குக் கேட்வே. 31 வரை 1.3-உம் 1.5-உம், கச்சாவாக, விலை 288. அங்கே படியிறங்கியபின் 1.4-உம் 1.6-உம், விலை 3. மொத்தம் 291. இடிஎக்ஸ் மட்டும் பார்த்தால் 5.8, முதல் பாதையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் நீளம். எந்த ஆர்பிஎல் கணுவும் தானாக அதைத் தேர்ந்தெடுக்காது. ஆனால் அனுப்பல்களின் எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். கணு 7-இன் மேல் ஒரு பாக்கெட்கூட விழவில்லை.

இந்த 1.5 என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 15-இலிருந்து 31-க்கான இணைப்பு வழக்கமான போக்குவரத்தில் பயன்படுவதே இல்லை. பயன்படாத இணைப்பின் தரம் யாருக்கும் தெரியாது. சோதனைப் பாக்கெட் அனுப்பித்தான் அறிய வேண்டும். 20 பைட் சோதனைப் பாக்கெட்டை அனுப்பினால் விடை ஏமாற்றும். பத்தாயிரம் பிட்டுக்கு ஒன்று பிழையாகும் இணைப்பில் 20 பைட் பாக்கெட் 98 விழுக்காடு சேரும். 127 பைட் பாக்கெட் 90 விழுக்காடுதான் சேரும். கச்சா அதிர்வு போவது முழு நீளச் சட்டகங்களில். ஆகவே சோதனையும் முழு நீளத்தில் நடக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் அடுக்குகள் எவ்வளவு சரியாக இருந்தாலும் விடை தப்பாகவே வரும்.

எட்டுக் கணுக்கள், மூன்று வழிகள்

ஒரு கணுவுக்கு டைக்ஸ்ட்ரா போதும். எட்டுக் கணுக்களுக்கு ஒரே நேரத்தில் ஒதுக்கும்போது அவை இணைப்புகளையும் ஸ்லாட்டுகளையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றின் தேர்வு மற்றதைப் பாதிக்கிறது. இந்த வகைக் கணக்குகள் பொதுவடிவில் கடினமானவை. வழிநெடுகக் கூடிக்கொண்டே போகும் இரண்டு அளவைகளுக்கு, எடுத்துக்காட்டாகத் தாமதத்துக்கும் செலவுக்கும், ஒரே நேரத்தில் வரம்பு விதித்துப் பாதை தேடுவதே என்பி-முழுமை (எல்லா நிலையிலும் விரைவாகத் தீர்க்கும் வழிமுறை அறியப்படாத வகை) என்பதை வாங், கிரௌகிராஃப்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல் எடுத்துக்காட்டினார்கள். அதைக் கேட்டவுடன் மரபணு வழிமுறை, எறும்புக் கூட்ட வழிமுறை என்று ஓடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. இங்கே அது வேண்டாத ஆடம்பரம். 8 கணுக்கள், ஒவ்வொன்றுக்கும் 3 வழிகள். மொத்தம் 6,561 சேர்க்கைகள். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சாதாரண கணினிக்கு நொடி நேரம்கூட ஆகாது. கிடைப்பது உத்தேச விடையும் அல்ல. பெரிய வலையமைப்பிலும் முதலில் செய்ய வேண்டியது, உண்மையில் தேர்வு இருக்கிற கணுக்கள் எத்தனை என்று எண்ணுவதுதான். பெரும்பாலும் அது பயப்படுமளவுக்கு இருப்பதில்லை.

எதைக் குறைக்க வேண்டும் என்பதில்தான் யோசனை தேவை. மொத்த அனுப்பல்களைக் குறைப்பது இலக்கு அல்ல. ஒரு கணு செத்தால் அதன் பின்னால் உள்ள அனைத்தும் ஊமையாகும். ஆகவே பேட்டரிக் கணுக்களில் மிக அதிகம் செலவழிக்கும் கணுவின் நாள் செலவைக் குறைப்பதே இலக்கு. எச்சரிக்கைக்கு 5 நொடி என்பது மீறக்கூடாத வரம்பு. இதோடு சேவையின் தரமும் ஒரு வரம்பு. 4,096 மாதிரிகளில் அதிர்வெண் பிரிப்பு 1.56 ஹெர்ட்ஸ், 1,024 ஆனால் 6.25. நிமிடத்துக்கு 1,500 சுற்றும் பம்பில் தண்டின் வேகம் 25 ஹெர்ட்ஸ். அதன் பேரிங் கூட்டின் (குண்டுகளை இடம் மாறாமல் பிடித்திருக்கும் வளையத்தின்) அதிர்வெண் அதில் ஏறக்குறைய 0.4 பங்கு, 10 ஹெர்ட்ஸ். 10 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கும் பக்க முகடுகளை 1.56 பிரித்துக் காட்டும், 6.25-இல் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். விசிறியின் சமநிலைக் கோளாறைப் பிடிக்கவோ தண்டின் வேகத்தில் நிற்கும் ஒரு முகட்டைப் பார்த்தால் போதும், 6.25 தாராளம். எனவே விசிறிமேல் உள்ள கணுவுக்கு மட்டுமே சுருங்கிய சேவை அனுமதி. இந்தத் தகவல் வலையமைப்புக்காரரிடம் இருக்காது. இயந்திரம் அறிந்தவரிடம்தான் இருக்கும். ஒதுக்கீட்டுக் கணக்கில் அவரையும் உட்கார வைக்காவிட்டால் எண்கள் அழகாக வரும், பேரிங் உடைவது தெரியாமல் போகும்.

விடை இப்படி வந்தது. 5 கணுக்கள் கச்சாத் தரவைக் கணு 31-க்கு அனுப்பும். விசிறிமேல் உள்ள 2 கணுக்கள் 1,024 மாதிரிகளைத் தாமே அலசும். கேட்வேக்கு அருகில், கிழக்குப் பக்கம் எட்டாத ஒரு பம்புக் கணு மட்டும் பழையபடி 103 பாக்கெட்டையும் கணு 7 வழியாகவே அனுப்பும். கணு 7-இன் மேல் இப்போது மணிக்கு 14, 2, 103, வெப்பநிலைக்கு 132. ஆக 251 பாக்கெட். 2,398 இருந்த இடம். அகலத்தில் 81 விழுக்காடு 8 விழுக்காடு சில்லறையாக இறங்குகிறது. நாள் செலவு 8-இலிருந்து 4.6 மில்லியாம்பியர்-மணி, ஆயுள் 250 நாளிலிருந்து ஏறத்தாழ 435 நாள்.

கழுத்து வேறெங்காவது முளைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 5-இல் 3 கணுக்களின் தரவு கணு 15 வழியாகப் போகிறது: மணிக்கு 309 பாக்கெட், 464 அனுப்பல், அகலத்தில் 13 விழுக்காடு. தாங்கும். மணி அடித்ததும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பினால் அங்கேயும் நெரிசல்தான். ஆகவே அளவீட்டு நேரத்தையும் பிரித்துக் கொடுக்க வேண்டும்: கணுவுக்கு 7 நிமிட இடைவெளி. ஒரு கணுவின் 103 பாக்கெட்டும் 15-ஐக் கடக்க 2.6 நிமிடம், ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும். கூடுதல் ஸ்லாட் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. பாதை, சேவையிடம், நேரம் என்று மூன்றும் ஒரே ஒதுக்கீட்டில் சேர்ந்தன.

நடைமுறைப்படுத்துவது

ஆர்பிஎல் ஒரே வலையமைப்பில் பல மரங்களை ஒரே நேரத்தில் வளர்க்க இடம் தருகிறது. 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6550 இதற்கென அடையாள எண்ணையே வைத்திருக்கிறது. கேட்வேயை வேராகக் கொண்ட பொது மரம் வெப்பநிலைக்கும் எச்சரிக்கைக்கும். கணு 31-ஐ வேராகக் கொண்ட இரண்டாவது மரம் கச்சா அதிர்வுக்கு மட்டும். அதில் அந்த 5 கணுக்களும் அவற்றைச் சுமக்கும் 15, 28 ஆகிய கணுக்களும் மட்டுமே சேரும். எல்லாக் கணுவையும் இரண்டாம் மரத்தில் சேர்த்தால் அதன் அறிவிப்புப் பாக்கெட்டுகளே சுமையாகிவிடும்.

அறிவிப்புகளின் வேகத்தையும் கவனிக்க வேண்டும். ஆர்பிஎல்லின் ட்ரிக்கிள் கடிகாரம், வலையமைப்பு அமைதியாக இருக்கும்போது அறிவிப்பு இடைவெளியை இருமடங்கு இருமடங்காக நீட்டிக்கொண்டே போகும். ஆவணத்தின் இயல்பு மதிப்புகளில் 8 மில்லிநொடியில் தொடங்கி 20 முறை இரட்டித்து 2.3 மணி நேரம்வரை. மரத்தில் முரண்பாடு தெரிந்தால் மீண்டும் 8 மில்லிநொடிக்குத் திரும்பும். சுற்றுக்கு 1.01 நொடி எடுக்கும் டிஎஸ்சிஎச்சில் 8 மில்லிநொடி இடைவெளிக்குப் பொருளே இல்லை. தொடக்க இடைவெளியைச் சில நொடிகளுக்கு உயர்த்துவது இங்கே கட்டாயம்.

6,561 சேர்க்கைகளை அலசும் கணக்கைக் கணுக்கள் போடுவதில்லை. மையத்தில் ஒரு கணக்கிடும் சர்வர் போடுகிறது. பாதைக் கணக்கீட்டைத் தனி உறுப்பாக ஒதுக்கும் இந்த அமைப்பு பெரிய இணைய வலையமைப்புகளுக்காக 2006-இல் ஆர்எஃப்சி 4655-இல் விவரிக்கப்பட்டது. டிஎஸ்சிஎச் வலையமைப்புகளின் கட்டமைப்பைச் சொல்லும் ஆர்எஃப்சி 9030-இலும் அதற்கு இடம் உண்டு. மையம் நாளுக்கு ஒருமுறை முழுக் கணக்கையும் போட்டால் போதும். இடையில் இணைப்பு நலிந்தால் அந்தந்த மரத்துக்குள் ஆர்பிஎல் தானே சரிசெய்துகொள்ளும்.

ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் அது தானே சரிசெய்துகொள்ளக் கூடாது. கணு 31-இன் மின்சாரம் போய்விட்டால் இரண்டாம் மரத்துக்கு வேர் இல்லை. அப்போது 5 கணுக்களும் பொது மரத்துக்குத் தாவி, 515 பாக்கெட்டைக் கணு 7-இன் தலையில் கொட்டும். அதைத் தடுக்க ஒவ்வொரு பழைய கணுவிலும் ஒரு விதி எழுதப்படுகிறது: இரண்டாம் மரம் இல்லையென்றால் கச்சாவை அனுப்பாதே, 1,024 மாதிரிகளோடு சுருக்கி, தானே அலசி, ஒரே பாக்கெட்டைப் பொது மரத்தில் அனுப்பு, அதில் தரம் குறைந்தது என்ற குறியை இடு. பேரிங் நோயறிதல் அந்த நேரத்துக்கு மங்கலாகும். ஆனால் எச்சரிக்கைப் பாதை தெளிவாக இருக்கும். கணு 7-க்கும் ஆபத்து இல்லை. பழுதின்போது பாதையை வளைப்பதைவிடச் சேவையைக் குறைப்பது நல்லது என்று நான் அழுத்திச் சொல்வேன். பாதையை வளைத்தால் ஒரு பழுது பலரைப் பாதிக்கும். சேவையைக் குறைத்தால் அது அந்த 5 இயந்திரங்களோடு நிற்கும்.

எஞ்சியிருப்பது கச்சாத் தரவை இன்னும் கணு 7 வழியாக அனுப்பும் அந்த ஒரு பம்புக் கணு. ரேடியோவை எவ்வளவு திருத்தினாலும் அதற்குக் கிழக்குப் பக்கம் எட்டாது. பம்பு என்பதால் சுருங்கிய சேவையும் ஆகாது. அடுத்த பராமரிப்பில் அதைப் புதிய கணுவாக மாற்றினால் கணு 7-இன் சுமை மணிக்கு 251-இலிருந்து 149 பாக்கெட்டாகும். அதில் 132 வெப்பநிலை.